பஸ்ஸில் ஏறியவரிடமே ‘பஸ் நின்றதா?’ என்று கேட்கலாமா?

ஐபோன் ஆலை விசாரணை முதல் உங்கள் ஆபீஸ் சர்வே வரை: தப்பான கேள்வியை, தப்பான ஆளிடம் கேட்டால் என்ன ஆகும்?

உங்கள் ஆபீஸிலிருந்தும் இப்படி ஒரு மெயில் வந்திருக்கும். ‘ஊழியர் கருத்துக் கணிப்பு. ஐந்தே நிமிடம் போதும். உங்கள் பதில்கள் முழுக்க ரகசியம்.’ லிங்கைத் திறந்தால் முதல் கேள்வியே எம்ப்ளாயி நம்பர். இரண்டாவது, எந்தத் துறை. மூன்றாவது, ‘உங்கள் மேலாளர் எப்படி நடத்துகிறார்?’

நாம் என்ன செய்வோம்? எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு நான்கு போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அடுத்த மாதம் டவுன்ஹால் கூட்டத்தில், ‘நம் ஊழியர்களில் பெரும்பாலோர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்’ என்று ஒரு ஸ்லைடு வரும். எல்லோரும் கைதட்டுவோம்.

அந்த ஸ்லைடில் யாரும் கணக்கைத் திருத்தவில்லை. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனாலும் அதில் உண்மை இல்லை. இது எப்படி?

எம்.பி.ஏ. படித்தவர்களுக்குத் தெரியும், ‘ஆய்வு நெறிமுறை’ என்று ஒரு பாடம் இருக்கும். சம்மதம் வாங்க வேண்டும், பெயரை வெளியிடக் கூடாது என்று நாலு பாயின்ட் எழுதினால் மார்க் வந்துவிடும். ஆனால், நெறிமுறை அதற்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பித்துவிடுகிறது. என்ன கேள்வியைக் கேட்கப்போகிறோம், அதை யாரிடம் கேட்கப்போகிறோம் என்று முடிவுசெய்யும் இடத்திலேயே பாதி நியாய அநியாயம் முடிந்துவிடுகிறது. அங்கே சறுக்கினால், பிறகு எத்தனை சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினாலும் தரவு தேறாது.

இது புத்தகத்தில் மட்டும் இருக்கும் விஷயம் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்திலும் அதன் எல்லையை ஒட்டியும் நடந்த மூன்று சம்பவங்களை எடுத்துப் பார்ப்போம்.

ஆட்டோ டிரைவருக்குத் தெரிந்த விஷயம்

திருவள்ளூரிலிருந்து மப்பேடு வழியாகத் தெற்கே போனால் சுங்குவார்சத்திரம். காஞ்சிபுரம் மாவட்டம்தான் என்றாலும் அங்கே உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் கம்பெனி பஸ்களும் ஹாஸ்டல்களும் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளும் பரவியிருக்கின்றன. ஐபோன் தயாரிக்கும் அந்த ஆலையைப் பற்றி 2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. திருமணமான பெண்களை ஐபோன் அசெம்பிளி வேலைக்கு எடுப்பதில்லை என்பதுதான் செய்தி.

அதில் வந்த ஒரு காட்சி மறக்க முடியாதது. வாட்ஸ்அப்பில் வந்த வேலை விளம்பரத்தைப் பார்த்து, 2023 மார்ச்சில் இரண்டு சகோதரிகள் நேர்காணலுக்குப் போகிறார்கள். ஆலை வாசலிலேயே காவலாளி கேட்கிறார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று. ஆகிவிட்டது என்றதும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதைவிட முக்கியம், பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்களை ஏற்றிவந்த ஆட்டோ டிரைவரே, ‘கல்யாணம் ஆனவங்களை எடுக்க மாட்டாங்க’ என்கிற மாதிரி முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்.

குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், லீவு என்று காரணங்கள் சொல்லப்படுவதாகவும், உற்பத்தி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் இந்த வழக்கம் தளர்த்தப்படுவதாகவும் ஆள்சேர்ப்பு ஏஜென்சிக்காரர்கள் சொன்னதாகச் செய்தி சொன்னது. திருமண நிலையை வைத்துப் பாகுபாடு காட்டுவதாகச் சொல்வதை நிறுவனம் உறுதியாக மறுத்தது. 2022-ல் முதலில் புகார் எழுந்தபோதே நடவடிக்கை எடுத்ததாக ஆப்பிள் சொன்னது.

செய்தி வந்ததும் மத்திய அரசு, மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் தானாகவே முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. அதிகாரிகள் 2024 ஜூலையில் ஆலைக்குப் போனார்கள்.

இனிதான் நம் பாடம் தொடங்குகிறது.

கேள்வி எங்கே மாறியது?

ஆலைக்குள் போன அதிகாரிகள், அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த திருமணமான பெண்கள் 21 பேரிடம் பேசினார்கள். சம்பளத்திலோ பதவி உயர்விலோ தங்களுக்குப் பாகுபாடு இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். நிறுவனமும் ஒரு கணக்கு கொடுத்தது: 33,360 பெண் ஊழியர்களில் 2,750 பேர், அதாவது சுமார் 8 சதவீதம் பேர், திருமணமானவர்கள்.

புகார் என்ன? ‘திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்க மறுக்கிறார்கள்.’

கேட்கப்பட்ட கேள்வி என்ன? ‘வேலைக்கு எடுக்கப்பட்ட திருமணமான பெண்களை ஒழுங்காக நடத்துகிறார்களா?’

இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்வி. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், ஸ்டாப்பில் பஸ் நிற்காமல் போகிறது என்று ஒருவர் புகார் சொல்கிறார். அதிகாரி பஸ்ஸுக்குள் ஏறி, உட்கார்ந்திருப்பவர்களிடம் ‘உங்களுக்கு பஸ் நின்றதா?’ என்று கேட்கிறார். நிற்காவிட்டால் அவர்கள் எப்படி உள்ளே இருப்பார்கள்? எல்லோரும் ‘நின்றது சார்’ என்றுதான் சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் புகார் கொடுத்தவர் இன்னும் வெயிலில் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருக்கிறார்.

மனித உரிமை ஆணையத்துக்கும் இதுதான் உறுத்தியது. ஆள்சேர்ப்பு சம்பந்தப்பட்ட ஆவணங்களைப் பார்க்கவில்லை, முக்கியக் கேள்வியைத் தொடவே இல்லை என்று சொல்லி, மறுபடியும் விசாரிக்கச் சொன்னது. 2025 ஜனவரியில் இது வெளியே தெரியவந்தது.

புள்ளியியலில் இதற்கு ‘தப்பிப் பிழைத்தவர் சாய்வு’ என்று சொல்லலாம். வடிகட்டியைத் தாண்டி வந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு, வடிகட்டியே இல்லை என்று முடிவுக்கு வருவது. இது ஏதோ அரசு அதிகாரிகள் மட்டும் செய்கிற தப்பு இல்லை. நம் ஆபீஸில், வேலையை விட்டுப் போனவர்களை விட்டுவிட்டு, இருப்பவர்களிடம் ‘ஏன் எல்லோரும் போகிறார்கள்?’ என்று கேட்கிறோமே, அதுவும் இதே கதைதான்.

8 சதவீதம் என்ன சொல்கிறது?

இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 8 சதவீதம் என்பது குறைவுதானே, அதனால் பாகுபாடு நிரூபணமாகிவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். 2,750 பேர் இருக்கிறார்களே, அதனால் பாகுபாடு இல்லை என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள்.

இதுபோன்ற ஆலைகளில் வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதில் இருக்கும் பெண்கள். அந்த வயதில் திருமணமாகாதவர்கள் அதிகம் இருப்பது இயல்பு. ஆக, வெறும் 8 என்ற எண் எதையும் நிரூபிக்காது. நமக்குத் தேவை கீழே வர வேண்டிய எண், அதாவது வகுக்கும் எண்: விண்ணப்பித்த திருமணமான பெண்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? திருமணமாகாதவர்களில் அதே விகிதம் என்ன? உற்பத்தி அதிகமாக இருக்கும் மாதங்களிலும் மற்ற மாதங்களிலும் இந்த விகிதம் மாறுகிறதா?

இங்கேதான் சிக்கல். வாசலில் காவலாளி திருப்பி அனுப்பிய ஆளுக்கு எந்தப் பதிவும் கிடையாது. விண்ணப்பம் வாங்கினால்தானே ‘நிராகரிப்பு’ என்று கணக்கில் வரும்? ஆகவே, ஃபைல்களை எவ்வளவு புரட்டினாலும் ‘நிராகரிக்கப்பட்டவர் யாரும் இல்லை’ என்றுதான் வரும். தரவு இல்லை என்பதைப் பிரச்சினை இல்லை என்று படித்துவிடும் ஆபத்து இதுதான்.

அப்படியானால் வேறு எங்கே தேடுவது? ஏஜென்சிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரங்களில் தேடலாம். ஆள்சேர்ப்பு முகாம் நடந்த ஊர்களில், வேலை கிடைக்காமல் திரும்பியவர்களிடம் பேசலாம். ஏஜென்சிகளுக்கு நிறுவனம் கொடுத்த வாய்மொழி உத்தரவுகளைப் பற்றி விசாரிக்கலாம். ஏன், பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோ டிரைவர்களிடமே கேட்கலாம். அவர்கள் சொல்வதே முடிவான ஆதாரம் ஆகிவிடாது. ஆனால், எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும். பிரச்சினையை வரையறுப்பது என்று பாடப்புத்தகம் சொல்வதும் இதைத்தான்: ஃபார்ம் தயாரிப்பதற்கு முன், விஷயம் தெரிந்த ஆட்களிடம் காது கொடுப்பது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருமணத்தைக் காரணம் காட்டித் தனியார் நிறுவனம் வேலை மறுப்பதை நேரடியாகத் தடுக்கும் சட்டம் அப்போது இல்லை. ஆப்பிள், ஃபாக்ஸ்கான் இரண்டின் சொந்த விதிமுறைகள்தான் அதைத் தடுத்தன. மத்திய அரசு சுட்டிக்காட்டிய 1976-ம் ஆண்டு சம ஊதியச் சட்டம், ஆள்சேர்ப்பில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்றது. சட்டத்தின் பிடி இப்படித் தளர்வாக இருக்கும் இடத்தில், உண்மையைச் சரியாகத் திரட்டும் ஆய்வுதான் தொழிலாளிக்கு மிச்சம் இருக்கும் பாதுகாப்பு. அதுவும் ஒப்புக்கு நடந்தால், மிச்சம் ஒன்றுமில்லை.

யாரும் எட்டிப் பார்க்காத சமையலறை

இரண்டாவது சம்பவம் இதற்கு முன்னால், 2021 டிசம்பரில் நடந்தது. இடம், திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி அருகே ஒரு ஹாஸ்டல். அதே ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த இடம். கெட்டுப்போன உணவால் 250-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று தோழிகளுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. சிகிச்சையில் இருந்தவர்களை வீடியோ காலில் காட்டும் அளவுக்குப் போனது. சுமார் 17,000 பேர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டது. ஜனவரி வரை திறக்கவில்லை.

அப்புறம் வந்த விஷயங்கள்: ஓர் அறையில் 6 பேரிலிருந்து 30 பேர் வரை. தரையில் படுக்கை. தண்ணீர் வராத கழிப்பறைகள். டிசம்பர் இறுதியில் ஆப்பிள் அந்த ஆலையை ‘கண்காணிப்பு’ நிலையில் வைத்தது. தொலைவில் உள்ள சில தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, தரம் இல்லை என்று அளக்க ஒரு தர அளவு ஏற்கெனவே இருந்திருக்கிறது. சப்ளையர்களைச் சோதிக்க ஆடிட்டும் உலகம் முழுக்க வருடா வருடம் நடக்கிறது. அப்படியும் அந்தக் கழிப்பறையின் நிலை, நூற்றுக்கணக்கான பெண்கள் வாந்தி எடுத்த பிறகுதான் உலகுக்குத் தெரியவந்தது. அங்கே தங்கியிருந்தவர்களுக்கு முதல் நாளே தெரியும். அவர்களிடமிருந்து மேலே போகும் பாதைதான் அடைபட்டிருந்தது. வேலையும் தங்குமிடமும் ஒரே கையில் இருக்கும்போது யார் வாயைத் திறப்பார்? ஹாஸ்டல் வார்டன் பக்கத்தில் நிற்க, ‘சாப்பாடு எப்படிம்மா இருக்கு?’ என்று கேட்டால், ‘நல்லா இருக்கு சார்’ என்பதைத் தவிர வேறு பதில் வராது.

ஆடிட் சான்றிதழ் வேறு, பாதுகாப்பு வேறு என்பதற்கு உலக உதாரணங்கள் உண்டு. பாகிஸ்தானின் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆயத்த ஆடை ஆலைக்கு, தொழிலாளர் நலனுக்கான சர்வதேசச் சான்றிதழ் கிடைத்த சில வாரங்களில், 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்தது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் பூட்டிக்கிடந்தன. செக்லிஸ்ட்டில் டிக் இருந்தது, கதவில் பூட்டும் இருந்தது.

நெடுஞ்சாலையில் பரவிய வதந்தியையும் அந்தக் கோணத்தில் பாருங்கள். நம்பகமான தகவல் தரும் வழக்கம் இல்லாத இடத்தில், வதந்திதான் தகவல். கேட்கும்போது உண்மையைச் சொல்ல விடாத நிறுவனம், தான் உண்மையைச் சொல்லும்போதும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தேர்வாய் கண்டிகை: ஆய்வின் எல்லை எங்கே?

மூன்றாவது, கும்மிடிப்பூண்டி தாலுகாவில் உள்ள தேர்வாய் கண்டிகை. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிராமம். அங்கே சுமார் 1,127 ஏக்கரில் சிப்காட் தொழிற்பூங்கா வந்தது. பிரான்ஸின் மிஷ்லின் டயர் நிறுவனம் அதில் ஆலை அமைத்தது. ஆடு மாடு மேய்த்த நிலம், விறகும் காட்டுப் பொருட்களும் எடுத்த இடம், ஊர் ஏரிகளுக்குத் தண்ணீர் வந்த வழி எல்லாம் போகிறது என்று கிராமத்தினர் பல ஆண்டுகள் போராடினார்கள். 2012-ல் கிராமச் சங்கமும் சில தமிழக, பிரெஞ்சு அமைப்புகளும் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தையை விசாரிக்கும் பிரான்ஸின் தேசியத் தொடர்பு மையத்தில் புகார் கொடுத்தன.

மையம் 2013-ல் முடிவைச் சொன்னது. நிறுவனம் வழிகாட்டு நெறிகளை மீறவில்லை என்றது. அதே நேரம், மனித உரிமை உள்பட பாதிப்புகளைப் பற்றி மேலும் ஆய்வுகள் செய்யுமாறு பரிந்துரையும் செய்தது.

யார் பக்கம் நியாயம் என்ற வாதத்துக்குள் இங்கே போக வேண்டாம். ஆய்வு செய்கிறவர் கண்ணால் மட்டும் பார்ப்போம். அரசுப் பதிவேட்டில் அந்த நிலம் மேய்க்கால் புறம்போக்கு. ‘யார் பட்டா நிலம் பறிபோனது?’ என்று கேட்டால், மேய்ச்சலை நம்பியவர் யாரும் பட்டியலில் வர மாட்டார். ‘இந்த நிலத்தை நம்பி யார் யார் வாழ்கிறார்கள்?’ என்று கேட்டால் ஊரே பட்டியலில் வரும். நிலம் ஒன்றுதான், வருடமும் ஒன்றுதான். கேள்வி மாறினால் பாதிக்கப்பட்டவர் எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து ஒரு கிராமமாக மாறுகிறது. அதனால்தான் சொல்கிறேன், கேள்வியை யார் எழுதுகிறார் என்பது டெக்னிக்கல் விஷயம் இல்லை, அதிகாரம் சம்பந்தப்பட்ட விஷயம்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் ‘அட்ரிஷன் ஸ்டடி’

இந்த மூன்று பாடங்களையும் வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கற்பனைதான். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எச்.ஆர். வேலை பார்க்கிற எவரும் ‘இது நம்ம கதை’ என்பார்கள்.

ஒரு ஆலையில் ஆட்கள் மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. நிர்வாகம் ஓர் எம்.பி.ஏ. மாணவரிடம் புராஜெக்ட் கொடுக்கிறது: ‘வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் ஈடுபாடு குறைவாக இருப்பது ஏன்?’

இந்த வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். முடிவு கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பிரச்சினை தொழிலாளியின் ஈடுபாட்டில் என்று ஏற்கெனவே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஓவர்டைம் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, கான்ட்ராக்டர் எவ்வளவு பிடித்தம் செய்கிறார், ஃபர்னஸ் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்க முடியுமா என்பதெல்லாம் வெளியே தள்ளப்பட்டுவிட்டன.

அடுத்து, மாணவர் யாரைச் சந்திப்பார்? கம்பெனி பட்டியலில் இருப்பவர்களை. ஒப்பந்தத் தொழிலாளர் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்க மாட்டார். அவர் பெயர் கான்ட்ராக்டர் நோட்டில் இருக்கும். விட்டுப் போனவரோ ஒடிசாவிலோ பிஹாரிலோ இருப்பார். போன் நம்பரும் மாறியிருக்கும்.

எங்கே சந்திப்பார்? கேன்டீனில், ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிற பத்து நிமிடத்தில், சூப்பர்வைசர் முன்னிலையில். எந்த மொழியில்? ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் சொல்லி, அவருக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் புரியவைத்து. சம்மதம்? ‘பையா, இதர் சைன்.’

100 ஃபார்ம் வேண்டும். 63 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 37-ஐ அன்று ராத்திரி ரூமில் உட்கார்ந்து, பேனா கலரை மாற்றி மாற்றி நண்பர்கள் நிரப்பிவிடுவார்கள். பிறகு கை-ஸ்கொயர் டெஸ்ட், பை சார்ட், ஸ்பைரல் பைண்டிங். ‘ஊக்கப் பயிற்சி அளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.’ இதைப் படித்துச் சிரிப்பவர்களில் பாதிப் பேர் இதைச் செய்தவர்கள் என்று எனக்குத் தெரியும். மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 45 நாளில் ஒரு ‘ஒரிஜினல்’ ஆய்வு கேட்கும் கல்லூரிக்கும், பதில் என்னவென்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கும் நிர்வாகத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இதையே சரியாகச் செய்தால் எப்படி இருக்கும்? கேள்வியைத் திறந்துவிட வேண்டும்: ‘முதல் மூன்று மாதத்தில் ஆட்கள் எந்தெந்தச் சூழலில் வேலையை விடுகிறார்கள்?’ ஃபார்ம் போடுவதற்கு முன் ஒரு வாரம், அவர்கள் வாடகைக்குத் தங்கும் அறைகள், ரீசார்ஜ் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, ரயில்வே ஸ்டேஷன் என்று சுற்றிவர வேண்டும். விட்டுப் போனவர்களில் ஒரு பத்துப் பேரையாவது, கூட இருந்தவர்கள் மூலம் போனில் பிடிக்க வேண்டும். அந்தப் பத்துப் பேர் சொல்வது, இருப்பவர்களிடம் வாங்கும் நூறு ‘நல்லா இருக்கு சார்’-ஐ விட மதிப்புள்ளது. சந்திப்பு ஆலைக்கு வெளியே, லீவு நாளில், அவர் மொழி தெரிந்த ஒருவர் மூலம் நடக்க வேண்டும். அவருடைய ஒரு மணி நேரத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். கடைசியில், என்ன கண்டுபிடித்தோம் என்று அவரிடமும் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வேலையை யாருமே செய்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதம்தான் அமலுக்கு வரும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

ஆய்வு செய்கிறவர்கள் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, சம்மதம் என்றால் சுதந்திரமாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும், என்ன நோக்கம் என்று தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். அது பற்றிய அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி இருக்க வேண்டும். ஹிந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் அதில் உண்டு. போஜ்புரி இல்லை. ஆக, பிஹாரிலிருந்து வந்தவருக்குச் சட்டப்படி ஹிந்தியில் கொடுத்தாலும், அவருக்கு உண்மையிலேயே புரிந்ததா என்பது உங்கள் மனசாட்சியின் வேலை.

இரண்டு, ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் சட்டம் விலக்கு கொடுக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. ‘சர்வேயில் யார் குறை எழுதினார்கள் பார்’ என்று ஒருவரைத் தேடிப்போன அந்த நிமிடமே, அது ஆய்வு இல்லை, வேவு.

மூன்று, வேலை தொடர்பான நோக்கங்களுக்காகச் சம்மதம் இல்லாமலும் ஊழியரின் தரவைப் பயன்படுத்த நிறுவனத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று போகப் போகத்தான் தெரியும். அதனால்தான், சட்டம் சரி என்று சொன்னால் போதும் என்று நிறுத்திக்கொள்ள முடியாது.

‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’

‘சார், எங்களுக்குக் குவார்ட்டர் முடிய ரிப்போர்ட் வேணும். நீங்க சொல்ற மாதிரி செய்ய ஆறு மாசம் ஆகும்’ என்று ஒரு மேலாளர் சொல்லக்கூடும். நியாயமான கவலைதான். எல்லா ஆய்வும் குறைபாடு உள்ளதுதான். பிசினஸ் காத்திருக்காது என்பதும் உண்மை.

ஆனால் செலவை இரண்டு பக்கமும் போட வேண்டும். பூந்தமல்லி ஹாஸ்டலில், பயமில்லாமல் பேச ஒரு வழி செய்து, பத்துப் பெண்களிடம் ஒரு மாதம் முன்பே கேட்டிருந்தால் என்ன செலவு ஆகியிருக்கும்? கேட்காததால், ஒரு பெரிய ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. ‘நல்லா இருக்கு சார்’ என்ற பதில்தான் இருப்பதிலேயே விலை கூடிய தரவு. பில் மட்டும் தாமதமாக வரும்.

சரி, முழுசாகச் செய்ய முடியவில்லை என்றால் குறைந்தபட்சம் ஒன்றைச் செய்யலாம். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே நேர்மையாக எழுதலாம்: ‘இதில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இல்லை. வேலையை விட்டவர்கள் இல்லை. பதில்கள் சூப்பர்வைசர் முன்னிலையில் வாங்கப்பட்டன.’ மூன்றே வரி. படிக்கிற நிர்வாகிக்கு அந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்று புரிந்துவிடும்.

ஃபார்ம் அனுப்பும் முன் ஐந்து கேள்விகள்

1. பதில் ஏற்கெனவே கேள்விக்குள் ஒளிந்திருக்கிறதா?

2. இந்தப் பிரச்சினையால் அதிகம் அடிபட்டவர் என் பட்டியலில் இருக்கிறாரா, இல்லை பட்டியலுக்கு வெளியே நிற்கிறாரா?

3. அவர் ‘பதில் சொல்ல மாட்டேன்’ என்று சொன்னால் அவருக்கு ஏதாவது நஷ்டம் வருமா? வரும் என்றால், அவர் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது.

4. அவர் சொல்வது யார் கைக்குப் போகும்? ஐந்து பேர் மட்டும் இருக்கும் பிரிவில் பெயரை எடுத்துவிட்டாலும், யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிட முடியாதா?

5. முடிவு எனக்குப் பிடிக்காததாக வந்தாலும், அதை மேலே அனுப்புவேனா?

ஐந்தாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்று உடனே சொல்ல முடியவில்லை என்றால், அந்த சர்வேயை நடத்தாமல் இருப்பதே நல்லது. கேட்டுவிட்டுக் குப்பையில் போடுவது, கேட்காமல் இருப்பதைவிட மோசம். அடுத்த தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

அந்த 21 பெண்களும் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அவர்களிடம் பேசியதும் தப்பில்லை. அவர்களிடம் பேசியதோடு நோட்டை மூடியதுதான் தப்பு. நோட்டை மூடுவதற்கு முன், அதிகாரிகளின் வண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பத்து நிமிடம் நின்றிருந்தால், விசாரணை எங்கே தொடங்க வேண்டும் என்று அங்கே யாராவது ஓர் ஆட்டோ டிரைவரே சொல்லியிருப்பார்.